பேர்கன் மீன் சந்தையில் ஐயா

கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளை எங்கே கூட்டிக்கொண்டு போகலாம் என்று புதிதாக வந்த குடும்பங்கள் எங்களிடம் அடிக்கடி கேட்பதுண்டு. செலவும் கூடக்கூடாது, பிள்ளைகளுக்கும் பிரயோசனமாக இருக்கவேண்டும், வீட்டில் வயதுபோனவர்கள் இருந்தால் அவர்களுக்கும் அலுப்புத் தட்டக்கூடாது. சென்ற வருடம் ஆனி மாதக் கடைசியில் நாங்கள் பேர்கன் நகரத்துப் பழைய மீன் சந்தைக்கும் அதையொட்டிய துறைமுகக் கரைக்கும் போய் வந்தோம். அதைப்பற்றி எழுதினால் மற்றவர்களுக்கும் உதவும் என்று நினைத்தோம். ஆனால் உண்மையைச் சொல்வதானால், நாங்கள் இடம் பார்க்கப் போகவில்லை. ஐயாவுக்காகத்தான் போனோம்.

ஐயா குருநகர்க் கடற்றொழிலாளி. 2019இல் அம்மா மோசம் போனபின் அவர் ஊரில் தனித்துப்போனார். 2022இல் எங்களோடு இருக்கட்டும் என்று ஒஸ்லோவுக்குக் கூப்பிட்டோம். வந்த முதல் மாதம் பேரப்பிள்ளைகளோடு நல்ல சந்தோசமாகத்தான் இருந்தார். பிறகு குளிர் வந்தது. யன்னலோரக் கதிரையில் இருந்தவர் இருந்தவர்தான். நாங்கள் இருவரும் வேலைக்குப் போக, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக, நாலாம் மாடியில் அவரும் ஒரு வானொலியும். இரண்டாவது குளிர்காலம் முடியும்போது ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொன்னார்: "என்னைத் திருப்பி அனுப்பி விடுங்கோ. எனக்கு இஞ்ச ஒரு அலுவலும் இல்லை." பிறகு ஒவ்வொரு கிழமையும் அதைச் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் நாங்களும் கோபமாகப் பதில் சொல்லியிருப்போம். அவர் அமைதியாகச் சொன்னார். அங்கே ஒரு வளவும் பூட்டின வீடும் தவிர அவரைப் பார்க்க ஆள் இல்லை. அனுப்பவும் மனமில்லை, வைத்திருக்கவும் வழி தெரியவில்லை.

அண்ணை பேர்கனில் இருக்கிறார். அவர்தான் ரெலிபோனில் சொன்னார்: "பள்ளிக்கூடம் விட்ட உடனை ஐயாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. மீன் சந்தையைக் காட்டுவம். பிறகு யோசிப்பம்."

ஒஸ்லோவிலிருந்து புகையிரதத்தில் ஏறக்குறைய ஏழு மணித்தியாலம். பயணச்சீட்டை முற்கூட்டியே எடுத்தால் நல்ல மலிவு. கடைசி நேரத்தில் எடுத்தால் கையைக் கடிக்கும். இந்தப் பாதை 1909இல் திறக்கப்பட்டது. பின்சே என்ற இடத்தில் கடல் மட்டத்திலிருந்து 1222 மீற்றர் உயரத்துக்கு ஏறி மறுபக்கம் இறங்குகிறது. ஆனியிலும் அங்கே உறைபனி கிடந்தது. பிள்ளைகள் கத்தினார்கள். ஐயா ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். ஆனி மாதம் என்றாலே அவர் பேச்சுக் குறைந்துவிடும். 1986 ஆனி 10ஆம் திகதி மண்டைதீவுக் கடலில் எங்கள் ஊர்த் தொழிலாளர் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் வெட்டிக் கொல்லப்பட்டது வயதானவர்களுக்கு நினைவிருக்கும். அன்று ஐயா கடலுக்குப் போகவில்லை, வலை பொத்திக்கொண்டு கரையில் இருந்தார். அவரோடு தொழில் செய்தவர்கள் போனார்கள். இதற்குமேல் அவர் எங்களுக்குச் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

பேர்கனில் இறங்கினால் மழை. அங்கே வருடத்தில் 200 நாட்களுக்கு மேல் மழை பெய்யும். குடையை நம்பாமல் ஆளுக்கொரு மழை அங்கி கொண்டுபோங்கள். காற்று குடையை விடாது.

வோகன் என்ற சிறிய குடா நகரத்தின் நடுவுக்குள்ளேயே நுழைந்து நிற்கிறது. குடாவின் உட்தலையில் மீன் சந்தை. வலது கரையில் பிறிக்கன் எனப்படும் பழைய மரக்கட்டட வரிசை. இரண்டுக்கும் நடுவே ஐந்து நிமிட நடைதான். 2012இல் திறந்த கண்ணாடி மண்டபத்தில் வருடம் முழுவதும் மீன் விற்கிறார்கள். வெளியே கூடாரம் போட்ட கடைகள் கோடையில் மட்டுந்தான். ஒரு காலத்தில் தொழிலாளர் வள்ளத்தைக் கரையில் கட்டி, உயிர் மீனை அதிலிருந்தே விற்ற இடம் இது. இப்போது விற்பவர்களில் பலர் வேறு நாட்டுப் பிள்ளைகள், வாங்குபவர்களில் பலர் உல்லாசப் பயணிகள். இதை மறைக்கத் தேவையில்லை. பொரித்த மீன் ஒரு தட்டின் விலையைப் பார்த்ததும் நாங்கள் கட்டிக்கொண்டு போன புட்டுப் பொதியைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டோம்.

இராட்சத நண்டுகளைத் தொட்டியில் விட்டிருந்தார்கள். ஒரு கால் எங்கள் சின்னவளின் கை நீளம். இந்த நண்டு நோர்வேயின் சொந்த நண்டு அல்ல. 1960களில் சோவியத் விஞ்ஞானிகள் பசுபிக் கடலிலிருந்து கொண்டுவந்து மூர்மான்ஸ்க் பக்கம் விட்டது, பெருகி இந்தக் கரைக்கு நடந்து வந்துவிட்டது. அண்ணை 1987இல் வந்து, வடக்குத் தொங்கலில் பொத்ஸ்பியூர்ட் என்ற ஊரில் மீன் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் நின்றவர். "அந்த நாளையில இது வலையைக் கிழிக்கிற சனியன். ஆரும் தேடித் திரியேல்லை. இப்ப பார், ராசா மாதிரி இருக்குது" என்றார்.

ஐயா நண்டைக் கவனிக்கவில்லை. ஐஸ் மேல் வைத்திருந்த முழு மீன்களின் முன்னால் நின்றுவிட்டார். இந்த நாட்டவர் தொர்ஸ்க் என்று சொல்லும் கொட் மீன். அவர் கையை நீட்டி, மீனின் கன்னத்தைத் தூக்கி, விரலால் பூவை விரித்துப் பார்த்தார். விற்ற பொடியன் "தொடக்கூடாது" என்று நோர்வேஜிய மொழியில் கத்தினான். எங்கள் பெரியவனுக்குப் பன்னிரண்டு வயது. வெட்கத்தில் முகம் சிவந்து, "அப்பப்பா, இஞ்ச அப்பிடிச் செய்யக்கூடாது" என்று கையைப் பிடித்து இழுத்தான். ஐயா கையை எடுக்கவில்லை. மீனின் வயிற்றை அமத்தினார், கண்ணைப் பார்த்தார், பிறகு தலையை ஆட்டிவிட்டு, "நேற்றைப் பின்னேரத்து மீன். பழுதில்லை. என்ன விலையாம், கேள்" என்றார்.

பெரியவன் கேட்டுச் சொன்னான். ஐயா பாதி விலை சொன்னார். "இஞ்ச விலை பேசுறேல்லை, அப்பப்பா!" அவன் அழுவான் போல் நின்றான். எங்களுக்கும் பக்கத்துச் சனத்தைப் பார்க்கக் கூச்சமாகத்தான் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறோம். எத்தனை தரம் நாங்களே எங்கள் பெற்றோரை இப்படிக் கையைப் பிடித்து இழுத்திருப்போம்!

அந்தக் கடைக்காரப் பொடியன் ஐயாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். தூண்டில் கயிறு அறுத்த பழைய தழும்புகள் இரண்டு உள்ளங்கையிலும் இருக்கின்றன. வலது சுட்டுவிரல் நிமிராது. அவன் பெரியவனிடம், "இவர் என்ன வேலை செய்தவர்?" என்று கேட்டான். பெரியவன் எங்களைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையில்தான் எங்களுக்கு உறைத்தது: அவனுக்குத் தெரியாது. இரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அப்பப்பா என்ன தொழில் செய்தவர் என்று நாங்கள் பிள்ளைக்குச் சொல்லவில்லை. யுத்தத்தைச் சொன்னோம், இடம்பெயர்வைச் சொன்னோம், தொழிலைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பிறகு இரவில் யோசித்தோம். ஒஸ்லோவில் எங்களோடு பழகுபவர்களில் சிலர் "குருநகரோ?" என்று கேட்டு ஒரு கணம் நிறுத்துவது எங்களுக்குத் தெரியும். அந்த நிறுத்தம் பிள்ளைகள் காதில் விழக்கூடாது என்று நாங்கள் வாயை மூடிக்கொண்டோம் போலிருக்கிறது.

அண்ணைதான் பதில் சொன்னார். "பிஸ்கர்" என்றார். மீனவர். "ஐம்பது வருசம்."

பொடியன் தானும் ஸ்பானியாவில் ஒரு மீன்பிடிக் கிராமத்துக்காரன் என்றான். விலை குறைக்கவில்லை. ஆனால் உள்ளே போய் இரண்டு பெரிய கொட் தலைகளைப் பொலித்தீன் பையில் போட்டுக் கொண்டுவந்து ஐயாவிடம் கொடுத்தான், காசில்லாமல். எங்கள் ஆட்களுக்குத் தலையின் அருமை தெரியுந்தானே. ஐயா பையைத் தூக்கிப் பாரம் பார்த்தார். "கூழுக்குக் காணும்" என்றார். அன்று காலையிலிருந்து அவர் சிரித்தது அப்போதுதான்.

பிறிக்கன் வரிசையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். 1360ஆம் ஆண்டளவில் லூபெக் முதலிய ஜேர்மன் நகரங்களின் ஹன்சா வணிகர்கள் இங்கே தங்கள் நிலையத்தை அமைத்தார்கள். 1754 வரை, ஏறக்குறைய நானூறு வருடம் அது இயங்கியது. அவர்கள் வந்தது கருவாட்டுக்காக. வடக்கே லொபோத்தன் தீவுகளில் மாசி தொடக்கம் பங்குனி, சித்திரை வரை பிடிக்கும் கொட் மீனைக் குடல் எடுத்து, இரண்டிரண்டாக வாலில் கட்டி, மரப் பந்தலில் காற்றுக்குத் தொங்கவிடுவார்கள். உப்பே இல்லை. குளிர் இருப்பதால் இலையானும் இல்லை, பழுதும் இல்லை. காய்ந்தபின் ஐந்தில் ஒரு பங்குப் பாரந்தான் மிஞ்சும். விறகுக் கட்டை போல வருடக்கணக்கில் இருக்கும். இதைத் துர்பிஸ்க் என்பார்கள். உப்பிட்டுக் காயவைப்பது கிளிப்பிஸ்க், எங்கள் கருவாட்டுக்குக் கிட்ட வருவது அதுதான். ஐயா இதை நம்பவில்லை. "உப்பில்லாமலோ?" என்று மூன்று தரம் கேட்டார். அண்ணை ஒரு கடையில் தொங்கிய துர்பிஸ்கைக் காட்ட, தட்டிப் பார்த்து, மணந்து பார்த்து, "மாசிக் கருவாடு மாதிரிச் சத்தம் கேட்குது" என்றார்.

வடக்கத்தைய தொழிலாளர் கருவாட்டை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு இவ்வளவு தூரம் வந்து, தானியம் வாங்கிக்கொண்டு போவார்கள். வணிகர் தானியத்தை முற்கடனாகக் கொடுப்பார். கடன்பட்டவன் அடுத்த வருடமும் மீனை அவருக்கே கொடுக்கவேண்டும், வேறு இடத்தில் விற்கக்கூடாது. கடன் தீராது. பெரியவன் விபரப் பலகையை வாசித்து இதைத் தமிழில் தட்டுத்தடுமாறிச் சொல்ல, ஐயா நடுவிலேயே விளங்கிக்கொண்டு, "சம்மாட்டி" என்றார். முற்பணம் வாங்கினவன் வலைக்காரனுக்கே மீன் போடவேண்டிய எங்கள் கரை வழக்கத்தை அதன்பின் அவர் பெரியவனுக்கு விளக்கிய விளக்கம் அரை மணித்தியாலம் நடந்தது. கரையில் மீனைக் குவித்துக் கூறி விற்பதையும் குரலெடுத்துச் செய்து காட்டினார். ஐநூறு, ஐநூற்றைம்பது, அறுநூறு! வழியால் போன உல்லாசப் பயணிகள் நின்று படம் எடுத்தார்கள். இந்தமுறை பெரியவன் கையைப் பிடித்து இழுக்கவில்லை.

உள்ளே ஒழுங்கைகள் ஒடுக்கம். மேலே இரண்டு பக்கத்து மாடிகளும் முட்டுமாப்போல் சரிந்து நிற்கின்றன. நடைபாதைக்கும் சுவருக்கும் எல்லாம் மரம். தீக்குப் பயந்து இந்தக் கட்டடங்களுக்குள் அடுப்போ விளக்கோ அனுமதிக்கவில்லை. குளிர்காய்வதற்கும் சமைப்பதற்கும் பின்னால் தனி மண்டபங்கள். ஜேர்மனியிலிருந்து சிறுவர்களாக வந்த வேலை பழகுநர்கள் பெட்டி போன்ற அடைப்புக்குள் படுத்தார்களாம், கலியாணம் செய்யத் தடையாம். அண்ணை கேட்டுவிட்டுச் சிரித்தார். பொத்ஸ்பியூர்ட்டில் தொழிற்சாலை விடுதியில் ஓர் அறைக்கு நாலு பேராக இருந்த கதையை அவர் எங்களுக்கு முந்திச் சொன்னதில்லை. ஏறக்குறைய இரண்டு மாதம் சூரியன் தெரியாத இடத்தில், சாமம் வரை மீன் வெட்டிவிட்டு வந்து, ஒருவர் சமைக்க மூன்று பேர் காத்திருப்பார்களாம். ஐயா அவரை ஒருமாதிரிப் பார்த்தார். தன் மூத்த மகன் வெளிநாட்டில் மீன் வெட்டித்தான் குடும்பத்தைத் தூக்கினார் என்பது அவருக்குத் தெரியும். இப்படி என்று தெரியாது.

அன்ரனி இராஜேந்திரம் என்ற பெயரை இங்கே புதிதாக வந்தவர்கள் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். எங்கள் குருநகரைச் சேர்ந்தவர். 1956இல் மீன்பிடித் தொழில் கற்க நோர்வேக்கு வந்தவர். இந்த நாட்டுக்கு முதலில் வந்த ஈழத்தமிழர் என்று அவரைத்தான் சொல்வார்கள். நோர்வேஜிய நண்பர்களோடு சேர்ந்து அவர் தொடக்கிய சீ-நோர் திட்டத்தால் காரைநகரில் படகு கட்டும் தளமும் குருநகரில் வலைத் தொழிற்சாலையும் வந்தன. ஐயாவின் முதல் நைலோன் வலை அந்தத் தொழிற்சாலை வலைதான். துறைமுகக் கரையில் வாங்கில் இருந்து புட்டுச் சாப்பிடும்போது அவர் இதைச் சொல்லிவிட்டு, கப்பல்களைப் பார்த்து, "அப்ப இவங்களிட்டத்தான் நாங்கள் வலை வாங்கினது" என்றார். யாரோ பழைய தெரிந்தவர்களைக் கண்டதுபோல் இருந்தது அந்தக் குரல்.

பிறிக்கன் பல தரம் அழிந்திருக்கிறது. 1702இல் முழுவதும் எரிந்தது, பழைய அமைப்பிலேயே திருப்பிக் கட்டினார்கள். 1944 சித்திரை 20இல் குடாவில் வெடிமருந்துக் கப்பல் ஒன்று வெடித்துக் கூரைகளைத் தூக்கிவிட்டது. 1955இல் மறுபடியும் தீ, வரிசையில் ஒரு பெரும் பகுதி போயிற்று. அப்போது மிச்சத்தையும் இடித்துப் புதிதாகக் கட்டுவோம் என்று நகரத்தில் பலர் சொன்னார்களாம். நல்ல காலம், கேட்கவில்லை. 1962இல் இதைக் காக்க ஓர் அறநிலையம் அமைத்தார்கள். 1979இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக்கியது. இன்று நிற்பவை 62 கட்டடங்கள். எரிந்த எங்கள் யாழ்ப்பாண நூலகத்தை நினைக்காமல் இதையெல்லாம் வாசிக்க முடியவில்லை.

ஓர் ஒழுங்கையில் தச்சர் ஒருவர் வேலை செய்துகொண்டிருந்தார். நிலத்தோடு உக்கிய தூணின் அடியை மட்டும் அரிந்து எடுத்து, அதே அளவில் புது மரம் செதுக்கிப் பொருத்திக்கொண்டிருந்தார். மேல் மரம் பழசு, கீழ் மரம் வெள்ளை. உக்காத எதையும் அவர்கள் மாற்றுவதில்லை என்று அண்ணை கேட்டுச் சொன்னார். ஐயா குந்தியிருந்து பொருத்துவாயை விரலால் தடவினார். "வள்ளத்துக்குப் பலகை மாத்திற மாதிரித்தான்" என்றார். "முழுவதையும் மாத்தினால் அது வேற வள்ளம்."

முன்வரிசைக் கடைகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பொம்மையும் குளிர்ச்சட்டையும். ஒரு சட்டையின் விலைக்கு எங்கள் வீட்டுக்கு இரண்டு மாத அரிசி வாங்கலாம். ஒழுங்கைகளில் நடக்கக் காசில்லை, அது போதும். பக்கத்தில் 12ஆம் நூற்றாண்டு மரியாள் தேவாலயம் இருக்கிறது. ஐயா அங்கே முழந்தாளிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தார். யார் யாருக்காக என்று நாங்கள் கேட்கவில்லை.

காசு கொடுத்துப் போகவேண்டிய இடம் ஒன்று உண்டென்றால் அது பிறிக்கன் நூதனசாலை. 1955 தீக்குப் பிறகு எரிந்த நிலத்தைப் பல வருடம் தோண்டினார்கள். கிடைத்தவற்றில் ரூன் எழுத்துக் கீறிய மரக்குச்சிகள் மாத்திரம் ஏறக்குறைய 670. அரசன் கதையல்ல, சாதாரண சனத்தின் எழுத்து. இது இன்னாருடைய பொதி, இன்னாருக்கு இன்ன கணக்கு என்று. அதில் ஒரு குச்சியைப் பற்றிப் பெரியவன் வாசித்துச் சொன்னான். கீடா என்ற பெண் ஒருவனுக்கு எழுதியது: நீ வீட்டுக்குப் போகவேண்டும் என்று கீடா சொல்கிறாள். அவ்வளவுதான்.

ஐயா கேட்டார்: "போனவனோ?"

பெரியவன் திரும்ப வாசித்தான். "தெரியாது, அப்பப்பா. மற்றப் பக்கத்தில அவன் ஏதோ பதில் கீறியிருக்கிறான். ஆனால் ஒருத்தராலும் வாசிக்க முடியேல்லையாம். வெறியில எழுதினதாக்கும் எண்டு நினைக்கினம்."

ஐயா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

இரவு அண்ணை வீட்டில் கூழ். ஒடியல் மா, பலாக்கொட்டைக்குப் பதில் உருளைக்கிழங்கு, கொட் தலை இரண்டு. பிலாவிலை இல்லை, கோப்பையில் குடித்தோம். தலையைப் பிளக்க எங்கள் யாரையும் ஐயா விடவில்லை. பெரியவனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தி, கத்தி எங்கே இறங்கவேண்டும் என்று காட்டினார். அவன் மூக்கைச் சுளித்தாலும் நின்றான்.

கூழ் முடியும்போது ஐயா அண்ணையைக் கேட்டார், உப்பில்லாமல் காயவிடுகிற அந்தப் பந்தலை எங்கே பார்க்கலாம் என்று. லொபோத்தனில், ஆனால் இப்போது வெறும் பந்தல்தான், மாசி பிறந்தால்தான் மீன் ஏறும் என்றார் அண்ணை. தானும் அங்கே ஒருமுறையும் போகவில்லை, விருப்பமென்றால் சேர்ந்து போகலாம் என்றார்.

ஐயா கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்தார். ஊருக்குப் போகும் கதை அடுத்த கிழமையும் வரும் என்று நாங்கள் எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். அவர் எங்களைப் பார்க்காமல், துவாயில் கை துடைத்துக்கொண்டே சொன்னார்: "சரி, மாசி மட்டும் பாப்பம்."